பாதி உயரம்

எங்கள் ஊரில் எண்ணூற்றுத் தொண்ணூறு பேர்.
அவர்கள் விழுங்குவது அத்தனையும்
ஒரு நாள் கழித்து என் கைக்கு வரும்.

மருந்துக்கடை பெலிசாவுக்கு முன்வாசல் கதை தெரியும்,
எனக்குப் பின்வாசல் கதை.
ஆலிவ் பறிப்பு முடிந்த வாரம்
முழங்கால் களிம்பு ஏறும்.
ஆகஸ்ட் திருவிழாவுக்கு மறுநாள் தலைவலி மாத்திரை.
எது யாருடையது என்று தண்ணீர் சொல்வதில்லை.
நானும் கேட்டதில்லை.

அல்மெரியாவின் வெயிலைத் திட்டாதவர் இல்லை.
எனக்கு அது சம்பளம் கேட்காத ஆள்.
வளைந்த தகடுகளின் மடியில்
கண்ணாடிக் குழாய்கள்; உள்ளே கழிவுநீர்
சுற்றிச் சுற்றி வருகிறது, செக்குமாடாய்.
அதில் கலந்த வெண்பொடி டைட்டானியத்தின் துரு.
மாத்திரைக்கு வெள்ளை பூசுவதும் இதே பொடிதான்.
அங்கே சட்டை, இங்கே கத்தி.

வெயில் பட்டதும் பொடி விழிக்கிறது.
தண்ணீரிலிருந்தே ஒரு பசியைக் கிளப்புகிறது,
இமைப்பொழுதைக் கோடியாய் வகிர்ந்தாலும்
அதில் ஒரு கீற்று நேரம் வாழாத பசி.
அதற்குள் எதிர்ப்பட்டதைக் கடிக்கிறது.
கொஞ்சம் கரிக்காற்று, கொஞ்சம் உப்பு,
பெயரில்லாத இரண்டு மூன்று துண்டுகள்.
துண்டுகளைப் பற்றி எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

லாமோட்ரிஜின் மட்டும் லேசில் உடையாது.
ஒரு முழுப்பகல் வெயில் கேட்கும்.
வலிப்புக்கான மருந்து.
என் தம்பி எலோய் இருபது வருடமாக விழுங்குவது.
மரவரிசைக்குள் வண்டி போகையில்
வெயில், நிழல், வெயில், நிழல்,
அவ்வளவு போதும் அவனைச் சாய்க்க.
நான் ஒளியால் மருந்தை உடைக்கிறேன்.
அவன் மருந்தால் ஒளியைத் தாங்குகிறான்.

மார்ச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து புழுதி வந்தது.
நான்கு நாள் வானம் செங்கல் நிறம்.
கொடித்துணி, கார், என் தகடுகள், எல்லாம் சேறு.
நீரைத் தொட்டியிலேயே நிறுத்தினேன்.
சும்மா இருக்க முடியாமல்
உள்ளே வருவதை மட்டும் அளந்தேன்.

லாமோட்ரிஜின் முகடு
பாதி உயரத்தில் நின்றது.

முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.
பிறகு கருவியைச் சந்தேகித்து மறுபடி ஊசி போட்டேன்.
பாதி.
இதை வாங்குபவர் ஊரில் இரண்டே பேர் என்று
பெலிசா எப்போதோ வாய்தவறிச் சொன்னது
அப்போதுதான் வயிற்றில் இறங்கியது.

இரண்டில் ஒன்று.
அந்த இன்னொருவர் யாரோ.
மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
செத்திருக்கலாம்.
அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.
வெட்கம் பிறகுதான் வந்தது.

கையுறையைக் கழற்றாமலே வண்டி ஓட்டினேன்.
பிளாஸ்டிக் கூடாரத்தில்
தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான் எலோய்.
"எத்தனை நாளாச்சு?"
எது என்று அவன் கேட்கவில்லை.
"பன்னிரண்டு. யார் சொன்னது?"
"ஊர்ச் சாக்கடை."

சிரித்தான். அந்தச் சிரிப்பில்
இருபது வருடமாக நான் பார்க்காத வேகம்.
"தலைக்குள்ளே பஞ்சு இல்லை, ரெமே.
பெட்டி எண்ண விரல் வேண்டியதில்லை.
பேசும்போதே அடுத்த வார்த்தை
வாசலில் வந்து நிற்கிறது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
ரெமேதியோஸ் என்றால் எங்கள் மொழியில் மருந்துகள்.
பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது
நான் என்ன வேலைக்குப் போவேன் என்று.

பேசினோம். கத்தினேன் என்பதே சரி.
டாக்டரைப் பார்க்கிறேன் என்றான்.
அளவைக் குறைக்கலாம், வேறு மாற்றலாம்.
சத்தியம் எதுவும் செய்யவில்லை.

ஒன்பதாம் நாள் மழை வந்து வானத்தைக் கழுவியது.
தகடுகளைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.
முகடு ஏறியிருந்தது,
முழுதாக இல்லை. முக்கால்.

கழிவைப் பார்த்து
ஒருத்தி இப்படி நிற்கக் கூடாது.
தாளில் அந்த முக்கால் மலையின் உச்சியை
விரலால் ஒருமுறை தொட்டேன்.
வெளியே வெயில் காத்திருந்தது.
பம்பை முடுக்கினேன்.